ஓவர்கிளாக் பண்ணியா? அப்ப போர்டு போச்சு!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காரமாவே எழுதப் போறேன். ஆபீஸ்ல ஆணி அதிகம்தான். இருந்தாலும் இதைக் கொட்டித் தீர்க்காட்டி தூக்கம் வராது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறீங்க. "என்ன பண்ணீங்க?"ன்னு கேக்கறாங்க. நீங்களும் யோக்கியமா, "ஓவர்கிளாக் பண்ணேன், அதுக்கப்புறம் வரலை"ன்னு சொல்லிடறீங்க. தீர்ந்தது கதை. அந்த நிமிஷமே போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் ரெடி. போர்டு போச்சு! கேபினட் மூடியோட ஒரு ஸ்க்ரூவைக்கூட இன்னும் தொட்டிருக்க மாட்டாங்க.

உண்மையைச் சொன்னவனுக்குத் தண்டனை, அதுவும் பில்லோட. என்ன கொடுமை சார் இது?

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஓவர்கிளாக் பண்ணி பொட்டி பூட் ஆகலைன்னா, பெரும்பாலான நேரம் எந்தப் பாகமும் சாகலை. பவர் பட்டனை அழுத்தினதும் முதல்ல ஓடறது விண்டோஸ் இல்லை, பயாஸ் (இப்ப அதுக்கு யுஇஎஃப்ஐன்னு பேரு, பழைய பேருதான் வாயில வருது). நீங்க சேவ் பண்ணி வெச்ச ஸ்பீடு, டைமிங், வோல்டேஜ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அது முதல்ல ராம்கிட்ட பேசிப் பார்க்கும். மெமரி ட்ரெயினிங்னு பேரு. அந்த ஸ்பீடுல ராம் ஒழுங்கா பதில் சொல்லலைன்னா அடுத்த படிக்கே போகாது. திரையில ஒண்ணும் வராது. திரை வராததால பயாஸுக்குள்ள போய் மாத்தவும் முடியாது. வீட்டுக்குள்ள சாவியை வெச்சுட்டு கதவைச் சாத்திக்கிட்ட மாதிரி. கதவு பூட்டிக்கிச்சு, அவ்வளவுதான். இதுக்கு வர்ற கொத்தனார் தெருமுனையில நின்னுக்கிட்டே "வீடு இடிஞ்சு போச்சுங்க, புதுசா கட்டணும்"னு சொன்னா விடுவீங்களா?

என் சித்தப்பா மகன் காலேஜ் கடைசி வருஷம் படிக்கிறான். சித்தப்பா பஸ் கண்டக்டர். சீட்டுக் காசுல அசெம்பிள் பண்ணிக் கொடுத்த பொட்டி. பையன் யூட்யூப்ல எவனோ சொன்னான்னு டிடிஆர்5 ராமை 6000ல இருந்து 6400க்கு ஏத்தி, டைமிங்கையும் இறுக்கிட்டான். ஃபேன் சுத்துது, திரை கறுப்பு, போர்டுல டிராம்னு எழுதின இடத்துல மஞ்சள் லைட் எரியுது. அவங்க ஏரியாவுல ஒரு கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். "ஓவர்கிளாக்கா தம்பி? அப்ப போர்டு போயிருச்சு. புரோசஸரும் சந்தேகம்தான். டிஸ்க்கையும் ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியா வரும்." போர்டுக்கு மட்டும் 13,500 ரூபாய். சித்தப்பா என்கிட்ட கேட்டது, "படிக்கறதுக்கு வாங்கின பொட்டியில ரேஸ் ஓட்டிட்டானாடா இவன்?" பையன் போன்ல அழாத குறை. அவனோட ப்ராஜெக்ட் மொத்தமும் அந்த டிஸ்க்லதான் இருக்கு.

"எதையும் தொடவேண்டாம்னு சொல்லு, பொட்டியைத் திருப்பி வாங்கு"ன்னேன். வாங்கிட்டு வந்தான் (செக்கிங் சார்ஜ்னு 500 பிடுங்கிட்டாங்க. எதை செக் பண்ணாங்களோ!). வீடியோ கால்லயே முடிச்சோம். சுவத்து பிளக்கைக் கழட்டச் சொன்னேன். மிச்ச கரண்ட் வடிய பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தச் சொன்னேன். போர்டுல சீமாஸ் அழிக்கிற ரெண்டு பின் இருக்கும். ஒரு கம்பெனி அதுக்கு சிஎல்ஆர்டிசின்னு பேர் வெச்சிருக்கும், இன்னொண்ணு ஜேபேட்1ன்னு வெச்சிருக்கும். மேனுவல்ல படமே உண்டு. ஸ்க்ரூடிரைவர் முனையால பத்து செகண்ட் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சான். சிஆர்2032 காயின் பேட்டரியைக் கழட்டி வெக்கறது இன்னொரு வழி, ஆனா சில புது போர்டுகள்ல அது மட்டும் போதாது. அப்புறம் ரெண்டு ராம்ல ஒண்ணைக் கழட்டிட்டு, மத்ததை புரோசஸர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட்ல போட்டு ஆன் பண்ணான்.

திரை அப்பவும் கறுப்புதான். "அண்ணா, அவ்வளவுதான்னா"ங்கறான். "டேய், சும்மா உக்காரு, பட்டனைத் தொடாத." டிடிஆர்5 சிஸ்டம்ல ரீசெட்டுக்கு அப்புறம் முதல் ட்ரெயினிங்குக்குச் சில நிமிஷம் ஆகலாம். பாதியில பதறிப்போய் ஆஃப் பண்ணா மறுபடி முதல்லேர்ந்து. நாலாவது நிமிஷம் லோகோ வந்துருச்சு. செலவு: பூஜ்யம்.

இன்னொண்ணையும் கவனிங்க. புரோசஸர் மல்டிப்ளையரை ஏத்தினதுல தகராறுன்னா பொதுவா லோகோ வரைக்கும் வந்துட்டு விண்டோஸ் ஏறும்போது விழும். அப்ப மூடியைத் திறக்கவே வேண்டாம், பயாஸுக்குள்ள போய் டீஃபால்ட் போட்டா போதும். லோகோவே வரலைன்னா முதல் சந்தேகம் ராம் மேல. இந்த வித்தியாசத்தைக்கூடக் கேக்காம 13,500னு எழுதற கைக்கு என்ன பேரு வெக்கறது?

ஃபார்மேட் விவகாரம் இதைவிட மோசம். சீமாஸ் அழிஞ்சா ஓவர்கிளாக் மட்டும் போகாது, மத்த செட்டிங்கும் ஃபேக்டரி நிலைக்குப் போயிடும். ஸ்டோரேஜ் மோட் மாறியிருந்தா விண்டோஸ் நீலத் திரையில பூட் டிவைஸ் கிடைக்கலைன்னு புலம்பும். பழைய மோடுக்கே திருப்பினா பேசாம ஏறிடும். செக்யூர் பூட் மாறினா பிட்லாக்கர் 48 இலக்க சாவி கேக்கும். விண்டோஸ் 11 நிறைய பொட்டிகள்ல நம்மைக் கேக்காமலே டிஸ்க்கைப் பூட்டி வெச்சிருக்கும், சாவி பெரும்பாலும் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே இருக்கும். இதெல்லாம் தேடிப் பார்க்க சோம்பேறித்தனம், உடனே ஃபார்மேட்! என் டீம்ல ஒருத்தரோட குழந்தையின் முதல் வருஷ போட்டோ பூரா இப்படித்தான் போச்சு. போர்டு போனா காசு கொடுத்து வாங்கலாம். அதை எந்தக் கடையில வாங்கறது?

எல்லாக் கடையும் அப்படின்னு சொல்ல மாட்டேன். ரிச்சி ஸ்ட்ரீட்ல பேச்சுக் கொடுத்துக்கிட்டே ஜம்பரைத் தட்டிவிட்டு, "டீ வாங்கிக் கொடுங்க போதும்"னு அனுப்பின அண்ணாச்சிகளையும் பார்த்திருக்கேன். தெரியாதவங்களைக்கூட மன்னிக்கலாம். தெரிஞ்சுக்கிட்டே "நீதானே ஓவர்கிளாக் பண்ணே"ன்னு நம்ம குற்ற உணர்ச்சியைக் காசாக்கறாங்களே, அவங்க மேலதான் கோவம்.

"அவன் ஏன் நோண்டணும்?"னு கேக்கற பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. நோண்டறது இன்னிக்கு நேத்து வந்ததில்லை. 1998ல இன்டெல் செலரான் 300ஏ சிப்பை, பஸ் ஸ்பீடை 66ல இருந்து 100க்கு மாத்தி 450 மெகாஹெர்ட்ஸ்ல ஓட்டினாங்க ஊர் உலகமே. இப்ப அதை விக்கறதே கம்பெனிகள்தான். ராம் பெட்டி மேல கொட்டை எழுத்துல 6000. பயாஸ்ல எக்ஸ்எம்பி, எக்ஸ்போன்னு ஒரே பட்டன். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி கொடுத்த அதிகாரபூர்வ ராம் வேகம் 5200. ஆனா 6000தான் சரியான இடம்னு 2022ல சொன்னதும் அதே ஏஎம்டிதான். அந்தப் பட்டனை அழுத்தினா வாரண்டி போகலாம்னு பொடி எழுத்துல போட்டிருக்கறது இன்டெல்லும் ஏஎம்டியும் ரெண்டு பேரும்தான். விக்கும்போது அம்சம், உடைஞ்சா உன் தப்பு. நல்லா இருக்கு நியாயம்!

நிஜமாவே செத்துப்போற கேஸ் இல்லையான்னா, இருக்கு. ஸ்பீடை விட வோல்டேஜ்தான் எமன். 2023ல ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சிலது சாக்கெட்டோட கருகிச்சு. எக்ஸ்போ போட்டதும் சில போர்டுகள் தானாவே எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மேல ஏத்தினதுதான் காரணம். 1.3 வோல்ட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு ஏஎம்டி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024ல இன்டெல்லோட 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் ஒரு செட்டிங்கும் தொடாதவங்க பொட்டியிலயும் கெட்டுப்போச்சு. மைக்ரோகோட் திருத்தமும் 2 வருஷம் கூடுதல் வாரண்டியும் கொடுக்க வேண்டியதாச்சு. அதுவரைக்கும் "நீ ஏதாவது நோண்டியிருப்பே"ன்னு எத்தனை பேர் பேச்சு வாங்கினாங்களோ.

அதனால சாவுன்னு சொல்றவங்ககிட்ட ஆதாரம் கேளுங்க. சீமாஸ் அழிச்சாச்சா? ராமை ஒண்ணொண்ணா, வேற வேற ஸ்லாட்ல போட்டுப் பார்த்தாச்சா? வேற ராம், வேற பவர் சப்ளை வெச்சுப் பார்த்தாச்சா? கருகின தடம் எங்க, காட்டுங்க. இதுக்கெல்லாம் பதில் இருந்தா பர்ஸை எடுங்க, தப்பில்லை.

நோண்டற தம்பிகளுக்கும் ஒண்ணு. எவனோ ஏசி ரூம்ல, அவன் சிப்புல ஓட்டின நம்பரை மே மாச சென்னையில உங்க சிப்புல அப்படியே போடாதீங்க. ஒரே மாடலா இருந்தாலும் ரெண்டு சிப்பு ஒண்ணா இருக்காது. பூட் ஆயிடுச்சுன்னா ஸ்டேபிள்னு அர்த்தமில்லை. மெம்டெஸ்ட்டை ராத்திரி பூரா ஓட விடுங்க, இல்லாட்டி சத்தமில்லாம ஃபைலைக் கெடுத்துடும். முக்கியமா, கை வெக்கறதுக்கு முன்னாடி பயாஸ் செட்டிங்கை எல்லாம் போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

டிஸ்கி: லேப்டாப்காரங்க இதைப் படிச்சுட்டு ஸ்க்ரூடிரைவரைத் தூக்க வேண்டாம். அது வேற ஜாதிப் பொட்டி, நிறைய மாடல்ல அந்த ரெண்டு பின்னே கிடையாது.