பிறந்த ஊரில் இல்லாத பதார்த்தம்

வெளியூரில் குடியேறியவர்கள் சமைக்கும் சாப்பாடு, சொந்த ஊர்ச் சாப்பாட்டின் குறைப் பிரதி அல்ல. அது தனியாகப் பிறந்த ஒரு பதார்த்தம். இதை நான் நெடுநாளாகச் சொல்லி வருகிறேன். நம் சங்கத்து நண்பர்கள் சிலர் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே, தைவான் தீவில் ஒரு மலை ஏரிக்கரையில் பரிமாறப்படும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பை இன்று சாட்சிக்கு அழைக்கிறேன்.

மாட்டிறைச்சி என்றதும் சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். யாரையும் சாப்பிடச் சொல்லி இதை எழுதவில்லை. ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து, பல மாநிலங்களில் ரயில்வே காலனிகளில் குடியிருந்தவன் நான். அடுத்த வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று எட்டிப் பார்ப்பது நாகரிகமல்ல என்பது காலனி வாழ்க்கை கற்றுத் தரும் முதல் பாடம். "பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு" என்று சொல்லி வைத்தவர்களும் நம் முன்னோர்தாம். என் வீட்டிலேயே நான் அசைவம், என் மனைவி சுத்த சைவம். இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் நடக்கின்றன.

எங்கள் மகன் தைவானின் சிஞ்சு நகரில் வேலையில் இருந்தபோது, 2023-இல் நாங்கள் இருவரும் அங்கே போயிருந்தோம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலில் தைச்சுங் வரை சென்று, அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏறினால் சூரிய சந்திர ஏரி வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரம். ஏரியின் கிழக்குப் பகுதி சூரியனைப் போல வட்டமாகவும் மேற்குப் பகுதி பிறையைப் போலவும் இருந்ததால் இந்தப் பெயர். சுற்றிலும் பசுமையான மலைகள். காலையில் நீரின்மேல் மூடுபனி. படகுத்துறையை ஒட்டிச் சாப்பாட்டுக் கடைகள்.

அங்கே ஒரு கடையில்தான் அந்தக் கிண்ணம் என் முன்னால் வந்தது. செம்பழுப்பு நிறத்தில் காரமான சாறு. அதில் கோதுமை நூடுல்ஸ். மணிக்கணக்கில் வெந்து மெத்தென்று ஆகிவிட்ட இறைச்சித் துண்டுகள். மேலே பொடியாக நறுக்கிய கடுகுக் கீரை ஊறுகாய். அன்னாசிப்பூ வாசம் மூக்கில் ஏறியதும் நம் பிரியாணிக் கடை நினைவுக்கு வந்தது. என் மனைவியும் பட்டினி கிடக்கவில்லை. தைவானில் பௌத்த வழிச் சைவக் கடைகள் நிறைய. பெயர்ப் பலகையில் ஸ்வஸ்திக் போன்ற பௌத்தச் சின்னத்தைப் பார்த்து நுழையலாம். இதே சூப்பை இறைச்சி இல்லாமல், சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்து தருகிறார்கள்.

இனி இந்தச் சூப்பின் ஜாதகத்தைப் பார்ப்போம். இது பழைய பதார்த்தம் அல்ல. 1949-இல் சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகள் வென்றபோது, சியாங் கை ஷேக்கின் அரசும் படையும் தைவானுக்கு வந்து சேர்ந்தன. சிப்பாய்களும் அவர்கள் குடும்பத்தாருமாக வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு மூங்கிலும் மண்ணும் வைத்து வரிசை வரிசையாக வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நம் பழைய ரயில்வே லைன் வீடுகள் போலத்தான். சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிடுவோம் என்று நம்பியே அங்கே குடியேறினார்கள்.

அவர்களில் சிச்சுவான் மாகாணத்தாரும் இருந்தார்கள். மிளகாயும் மொச்சை போன்ற ஒரு பயறும் சேர்த்துப் புளிக்க வைத்த விழுது இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. தெற்கே காங்ஷான் என்ற ஊரில் விமானப்படைக் குடும்பத்தார், கிடைத்த பொருள்களைக் கொண்டு அந்த விழுதைத் தாங்களே தயாரித்தார்கள். அதை மாட்டிறைச்சிச் சாறில் கலந்ததில் பிறந்ததே இந்தச் சூப் என்பது உணவு வரலாற்று அறிஞர் லூ யாவ்தோங் முன்வைத்த கருத்து. தைவானில் இதைச் சிச்சுவான் பெயரிட்டு விற்கிறார்கள். ஆனால் சிச்சுவானில் இதே பதார்த்தம் வழக்கில் இருந்ததில்லை! ஊரை நினைத்துச் சமைத்தார்கள்; ஊரில் இல்லாத ஒன்று பிறந்தது.

அதற்கான பொருள்களின் கதையும் கவனிக்கத்தக்கது. தைவான் அரிசி விளையும் தீவு. நூடுல்ஸுக்கு வேண்டிய கோதுமை 1951 முதல் 1965 வரை அமெரிக்க உதவியாகக் கப்பலில் வந்தது. அதே காலகட்டத்தில் நம் நாட்டுக்கும் பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இறைச்சி விஷயமோ இன்னும் சிக்கலானது. தங்களோடு சேர்ந்து வயலில் உழைக்கும் எருமையையும் மாட்டையும் உண்பது நன்றிகெட்ட செயல் என்று தைவான் விவசாயிகள் கருதினார்கள். இன்றும் அதைத் தொடாத முதியவர்கள் அங்கே உண்டு. ஆக, வந்தவர்கள் சட்டியில் வெந்தது உள்ளூராருக்கு ஆகாத பொருள்.

அப்புறம் எப்படி அது தைவானின் அடையாளமானது? வேறு தொழில் தெரியாத ஓய்வு பெற்ற சிப்பாய்கள் தெருவோரத்தில் கடை போட்டார்கள். சிச்சுவான்காரனுக்கு மட்டும்தான் என்று சொல்லவில்லை. பசித்து வந்தவர் எவருக்கும் ஊற்றினார்கள். வேண்டாம் என்றவரை வற்புறுத்தவும் இல்லை. உள்ளூரார் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் நாக்குக்கு ஏற்பக் கைப்பக்குவமும் மாறியது. 2005-இல் தைபே நகரில் இதற்கென்று ஒரு விழாவே தொடங்கிவிட்டார்கள். சீனாவில் உள்ள உறவினர்களைப் பார்த்து வர அந்தப் பழைய சிப்பாய்களுக்கு 1987 இறுதியில்தான் அனுமதி கிடைத்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள்! அதற்குள் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற ருசி மட்டும் அந்தத் தீவின் சொத்தாக நிலைத்துவிட்டது.

அந்த ஏரிக்கரையில் வந்தேறி நூடுல்ஸ் மட்டுமல்ல. சுற்றியுள்ள மலைகளில் விளையும் தேயிலை, 1925-இல் ஜப்பானியர் நம் அசாமிலிருந்து விதை கொண்டுபோய்ப் பயிரிட்ட வகையில் வந்தது. இன்று அது சூரிய சந்திர ஏரித் தேநீர் என்ற பெயரில் விலை போகிறது. ஏரிக்கு மேலே ஒரு கோயிலில், ஏழாம் நூற்றாண்டில் நம் காஞ்சிபுரம் வரை வந்து சென்ற யுவான் சுவாங்கின் எலும்புத் துண்டு போற்றிப் பாதுகாக்கப்படுகிறது.

ஏரியும்கூட இன்றைய வடிவில் இயற்கை தந்ததல்ல. ஒரு பொறியாளன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜப்பானியர் ஆட்சியில், மின் உற்பத்திக்காகச் சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி ஆற்று நீரைக் கொண்டுவந்து ஏரியை நிரப்பினார்கள். கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் செல்லவே 29.7 கிலோமீட்டர் நீள ஜிஜி ரயில் பாதை போடப்பட்டது. அதன் அகலம் 1067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிட 67 மில்லிமீட்டர் அதிகம். 1934-இல் திட்டம் நிறைவேறியது. வேலையில் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் நீர் உயர்ந்தபோது, அந்தக் கரையின் பூர்வகுடிகளான தாவ் மக்கள் இடம் பெயர்க்கப்பட்டார்கள். அவர்கள் முன்னோர் உறைவதாக நம்பும் லாலு தீவின் பெரும்பகுதி மூழ்கியது. 1999 செப்டம்பர் 21 நிலநடுக்கம் மிச்சத்தையும் சிதைத்தது. தனி இனமாக அவர்களை அரசு அங்கீகரித்தது 2001-இல்தான். இன்று அவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. சூப்பின் கதை பெருமைக்குரியது என்றால், இது எச்சரிக்கை. வந்தவர்கள் வாழ்வது நல்லதுதான். முன்பே இருந்தவர்கள் மூழ்கிவிடக் கூடாது.

இதை நமக்குப் பொருத்திப் பார்ப்போம். கடுகெண்ணெயில் தாளித்த குழம்பையும், பச்சைப் பட்டாணி போட்ட உப்புமாவையும் நம் பிள்ளைகள் ருசித்துச் சாப்பிடும்போது, "இதெல்லாம் நம் ஊர்ச் சாப்பாடா?" என்று கேலி செய்கிறோம். அந்தக் கேலிக்குக் கூசியே பல இளைஞர்கள் சங்க விருந்துக்கு வருவதில்லை. நம் அம்மாக்கள் கிடைத்த காயையும் கிடைத்த எண்ணெயையும் கொண்டு ஆக்கிப் போட்ட அந்தக் குழம்புதான் நம் குடும்பங்களின் உண்மையான சரித்திரம். ஊர்ச் சுவை மாறாமல் இருக்க வேண்டும் என்போர் ஒருமுறை ஊருக்குப் போய்ப் பார்க்கட்டும். அங்கே தெருவுக்குத் தெரு பரோட்டாவும் ஃபிரைடு ரைஸும்தான்.

அதே சமயம், முப்பது ஆண்டுகள் ஓர் ஊரில் குடியிருந்தும் காய்கறிக்காரரோடு பேரம் பேசும் அளவுக்கு மேல் உள்ளூர் மொழி தெரியாத குடும்பங்களும் நம்மில் இருக்கின்றன. நாம் சமைத்ததை அக்கம்பக்கத்தார் ருசித்ததில்லை. அவர்கள் சமைத்ததை நாமும் கேட்டதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு காப்பாற்றும் ருசி ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்.

செயற்குழுவுக்கு என் யோசனை இதுதான். அடுத்த பொங்கல் விருந்தில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் அவசியம் இருக்கட்டும். அவற்றோடு, இந்த ஊரில் பிறந்த நம் வீட்டுச் சமையலில் பத்து வகையாவது இலையில் இடம் பெறட்டும். ஒவ்வொரு குடும்பமும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றை உடன் அழைத்து வரட்டும். பரிமாறும் பொறுப்பை இளைஞர்களிடம் விட்டுவிடுவோம். பெரியவர்கள் உட்கார்ந்து, குறை சொல்லாமல் சாப்பிட்டால் போதும்.