முதலில் கூலி

ரமழான் வந்தால் ஏழைகளுக்குச் சாரனும் சாரியும் கொடுக்கும் முதலாளிமாரை மெச்சுகிறோம். மெச்சலாம். ஆனால் அந்தச் சாரனை மருதமுனைத் தறியில் நெய்தவருக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று கேட்பவர் குறைவு. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிமொழியை ஜும்ஆவில் கேட்காதவர் கல்முனையில் இருக்கமாட்டார். குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் தொடங்குவதே அளவை நிறுவையில் மோசடி செய்வோரை எச்சரித்துத்தான். 2:280ஆம் வசனம், நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்குத் தவணை கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுப்பது இன்னும் மேல் என்கிறது. அன்பைக் கடன் கொப்பிக்குள்ளேயே கொண்டுவந்து வைத்த மார்க்கம் இது! நாமோ வட்டியைத் தவிர்ப்பதோடு நின்றுவிட்டோம். வட்டியில்லா வங்கிமுறைக்கு 2005இல் இலங்கைச் சட்டம் வழிவிட்டது, 2011இல் அமானா வங்கியும் வந்தது, நல்ல காரியம். ஆனால் நெசவாளரின் கூலியை மாதக்கணக்கில் பிடித்துவைத்துச் சுழற்றும் முதல், வட்டி கலக்காததால் மட்டும் ஹலாலாகிவிடுமா? 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்து நூல் விலை எகிறியபோது அந்தச் சுமையில் பெரும்பங்கு யார் தலையில் விழுந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. முதலாளிமாரே, இம்முறை நோன்புக்கு முன் தறிக்காரரின் பாக்கியைத் தீருங்கள். ஸகாத் கணக்கை அதன் பிறகு பாருங்கள்.