வேலி வேண்டும், படலையின் திறப்பு யாரிடம்?

கையடக்கத் தொலைபேசி இன்று எமது கிராமங்களில் மண்வெட்டியைப் போல ஒரு தொழிற் கருவியாகிவிட்டது. வெங்காயத்தின் சந்தை விலை, கூலி வேலைக்கு ஆள் தேவை என்ற செய்தி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் குரல், காணி விடுவிப்புப் பற்றிய அறிவித்தல் எல்லாம் அதன் வழியே வருகின்றன. பொய்யும் மிரட்டலும் மோசடியும் அதே வழியால்தான் வருகின்றன. ஆகவே இணையத்திற் பேசப்படுவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டுமா என்ற கேள்வி கொழும்பில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல. அது எமது தொழிலையும் வீட்டையும் தொடும் கேள்வி.

2024 ஜனவரி 24 ஆம் திகதி பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. ஆதரவாக 108 வாக்குகள், எதிராக 62. பெப்ரவரி 1 ஆம் திகதி சபாநாயகர் அதனைச் சான்றுப்படுத்த, அது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமாயிற்று. ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவொன்றை இச்சட்டம் வகுத்துள்ளது. ஒரு கூற்று தடைசெய்யப்பட்டதென ஆணைக்குழு கருதினால், அதை 24 மணித்தியாலத்துக்குள் நீக்கும்படி அறிவித்தல் கொடுக்கலாம். தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான பொய்க் கூற்றுக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கப்படலாம். இச்சட்டம் பற்றி எம்மிடையே ஒரே கருத்து இல்லை. முதலில் அக்கருத்துக்களைப் பொறுமையாகக் கேட்போம்.

சட்டம் தேவை என்போர்

வெளிநாட்டு வேலை என்ற முகநூல் விளம்பரத்தை நம்பி நகையை ஈடு வைத்துப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இலங்கை இளைஞர்கள் மியன்மாரில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட செய்தியையும் நாம் அறிவோம். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். ஒரு பெண்பிள்ளையின் படத்தை எடுத்து, அதை மாற்றி, பணம் கேட்டு மிரட்டுபவனுக்கு வேலி பாய வேண்டிய தேவையே இல்லை. அவன் வீட்டுக்குள் வந்தாயிற்று. "இதைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டாமா?" என்று இத்தாய்மார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

வதந்தி என்ன செய்யும் என்பதையும் நாடு கண்டிருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் சாப்பாட்டில் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதென்ற கதை முகநூலிற் பரவியது. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வில் பின்னர் தெரிய வந்தது. ஆனால் அதற்கு முன்பே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த மாதம் திகனவிலும் கண்டியின் வேறு பகுதிகளிலும் வீடுகள் எரிந்தன. அவ்வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த வீட்டுக்கு அம்மன்னிப்பு கூரையாகுமா?

சட்டத்தை அஞ்சுவோர்

மறுபுறத்தில் இன்னொரு அனுபவம் உண்டு. 2017 ஜனவரி 31 ஆம் திகதி கேப்பாப்புலவு, பிலவுக்குடியிருப்பு மக்கள் தமது காணியைக் கேட்டு விமானப்படை முகாமுக்கு முன்பாக அமர்ந்தார்கள். பனியிலும் வெயிலிலும் குழந்தைகளோடு ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1 ஆம் திகதி காணி கையளிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் இரணைதீவு மக்கள் படகுகளில் ஏறித் தமது தீவிற்குத் தாமே திரும்பினார்கள். இச்செய்திகளும் படங்களும் கையடக்கத் தொலைபேசி வழியே பல நாடுகளுக்கும் சென்றன. பத்திரிகை நிருபர் வராத இடத்தில் மக்களே நிருபர்களாயினர்.

"இது எங்கள் காணி" என்று ஒருவர் எழுத, அது பொய், பொது ஒழுங்குக்குக் கேடு என்று மற்றொருவர் முறையிட்டால் என்னவாகும்? அச்சம் கற்பனையானதல்ல. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் வெளியிட்ட 'நவரசம்' என்ற கவிதை நூல் தொடர்பில் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். கவிதைகளுக்குத் தவறான பொருள் கொள்ளப்பட்டதாகப் பலர் எடுத்துரைத்தனர். 2021 டிசம்பரிலேயே அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. விடுதலை வந்தது உண்மை. இழந்த காலம் வரவில்லை.

எமது கருத்து

வேலி இல்லாத தோட்டத்தை மாடு மேயும் என்பதை உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆகவே ஒழுங்குவிதி எதுவுமே வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் வேலியை யார் அடைக்கிறார், படலையின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் உரிமை தோட்டக்காரனுக்கு உண்டு.

'பாதுகாப்பு' என்ற சொல்லை நாம் புதிதாகக் கேட்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய மக்கள் அச்சொல்லின் பெயராலேயே வீட்டையும் செம்மண் தோட்டத்தையும் இழந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வைக்கப்பட்டது. வலயத்துக்குப் பாதுகாப்பு, வீட்டுக்காரனுக்கு அகதி முகாம்! தேசத்தின் பாதுகாப்பும் குடியானவனின் வீட்டுப் பாதுகாப்பும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை எமது சனங்களை விட யார் நன்கறிவர்? அதனால்தான் 'காப்பு' என்ற பெயரோடு வரும் சட்டத்திடம் "யாருக்குக் காப்பு?" என்று கேட்கிறோம்.

பிள்ளையின் படத்தை வைத்து மிரட்டுதல், வேலை மோசடி, ஓர் இனத்தை அடிக்கும்படி தூண்டுதல் ஆகியன குற்றங்கள். அவற்றைத் தெளிவாக வரையறுத்துத் தண்டிக்கும் சட்டத்தை ஆதரிப்போம். ஆனால் அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பேச்சை அவற்றோடு ஒரே சாக்கில் கட்டக்கூடாது. பேச்சுச் சுதந்திரம் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை தந்த உரிமை. எது உண்மை, எது பொய் என்பதை இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். தமிழில் எழுதியதைத் தமிழ் அறிந்தவர் வாசித்தே முடிவு செய்ய வேண்டும். அறிவித்தல் எமது மொழியில் வரவேண்டும். இச்சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று அது நிறைவேறிய அடுத்த மாதமே அமைச்சரவை ஒப்புக்கொண்டது. திருத்தம் பற்றிய பேச்சில் காணியற்றவனின் குரலும் சேர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தமது கூட்டங்களில் இவற்றைப் பேசலாம்:

1. வந்த செய்தியை உடனே அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். யார் சொன்னது, எப்போது நடந்தது, யாருக்கு ஆபத்து என்ற மூன்றையும் கேளுங்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி ஒலிபெருக்கியில் வந்த அறிவித்தலைக் கேட்டு ஓரிரவில் வலிகாமமே வெளியேறியது. ஒரு சொல் எத்தனை பேரை நடக்க வைக்கும் என்பது எமக்குத் தெரியும்.

2. வெளிநாட்டு வேலை விளம்பரமானால், முகவருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா என்று விசாரித்த பின்பே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

3. குடும்பமாக வெளியூர் போவதை முகநூலில் அறிவிக்காதீர்கள். பூட்டிய வீட்டுக்கு அயலவரே காவல்.

4. மிரட்டல் வந்தால் செய்தியை அழிக்காதீர்கள். அது சாட்சி. பிள்ளையை ஏசுவதை நிறுத்தி, அவளோடு சேர்ந்து முறையிடுங்கள்.

5. காணி பற்றி எழுதும்போது உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், திகதி, இடம் ஆகியவற்றோடு எழுதுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஆதாரத்தோடு பேசுபவனைப் பொய்யனாக்குவது எளிதல்ல.

கருத்து வேறுபாடு எம்மைப் பிரிக்க வேண்டியதில்லை. மிரட்டலுக்கு ஆளான பிள்ளையின் தாயும், காணிக்காக வீதியில் அமர்ந்த தாயும் கேட்பது ஒன்றைத்தான்: தன் வீட்டில் அச்சமின்றி இருக்க வேண்டும். முன்னவரைக் காக்க வந்த சட்டம் பின்னவரின் வாயை அடைக்குமானால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். அதற்கு இடங்கொடாதிருப்போம்.