நிலக்காட்சியைக் காணும் கண்

நிலக்காட்சி ஓவியத்தில் தெரிவது எந்த மலை, எந்த ஊர் என்று கேட்டறிவதோடு பார்வையை முடித்துக்கொள்ளும் வழக்கத்தால், அதன் உயிரான ஒளி, வண்ணம், இழைநயம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் கவனிப்பாரின்றிப் போகின்றன. கோட்டோவியங்களால் புகழ்பெற்ற கே. எம். ஆதிமூலம் (1938–2008) பிற்காலத்தில் தீட்டிய அரூப எண்ணெய்வண்ண ஓவியங்களில், அதாவது பொருள்களின் உருவை நேரடியாகக் காட்டாத படைப்புகளில், மரமோ குன்றோ தனித்துத் தெரியாவிட்டாலும், அருகருகே அமைந்த வண்ணப் பரப்புகளின் வெளிர்மையும் அடர்த்தியுமே நிலத்தையும் வெளியையும் உணர்த்திவிடுகின்றன. இழைநயம் என்பது பூச்சின் தடிமனாலும் தூரிகை அல்லது கத்தியின் தடத்தாலும் திரைச்சீலையில் உண்டாகும் மேடுபள்ளத் தன்மை. பக்கவாட்டில் ஒளி விழும்போது அம்மேடுகள் சிறு நிழல்களை உண்டாக்குவதால், ஒரே நீலம் ஓரிடத்தில் ஒளிர்ந்தும் வேறோரிடத்தில் மங்கியும் தோன்றுகிறது. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அதன் மேற்பரப்பின் நெளிவையும் கீறலையும் சாயம் பரவிய சீர்மையையும் கண்டு தரம் பிரிக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தொழிலாளரின் கண்ணுக்கு இந்த நுட்பம் புதிதன்று. பாலாற்றின் வறண்ட மணலும், தொலைவில் நீலம்பாரிக்கும் ஜவ்வாது மலையும், வெயிலேறும்போது நிறம் மாறும் வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலும் இப்பகுதி மாணவர்க்கு அன்றாடக் காட்சிகளாக இருக்க, ஓவிய வகுப்புகள் அச்சுப் படங்களை நகலெடுப்பதோடு நின்றுவிடுவது பெருங்குறையே. மேடுபள்ளத்தை அச்சு தட்டையாக்கிவிடும் என்பதால், மாணவரை வெளியே அழைத்துச் சென்று பார்க்கப் பழக்குவதையும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அசல் ஓவியங்களின் முன் நிறுத்துவதையும் பள்ளிகள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.