ஊசி முனையில் வரலாறு

தையலைப் “பொழுது போகாதவர் வேலை” என்று சொல்வோர் உண்டு. அதிலும், இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மேலைநாட்டார் உடுத்திய உடைகளை அன்றைய முறையிலேயே தைத்துப் பார்க்கிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். பகலில் கல்லூரி, மாலையில் துணிக்கடையில் கணக்கு வேலை என ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு இது எதற்கு? ஈராண்டுகள் மூடிவைத்திருந்த ஊசிப் பெட்டியை இவ்வாண்டு மீண்டும் திறந்ததற்குத் தக்க காரணம் உண்டு என்பதே என் வாதம்.

வரலாற்று மாணவர்களாகிய நாம் போர் நடந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். அக்கால மக்கள் என்ன உடுத்தினர், அதை யார் தைத்தனர் என்று கேட்கிறோமா? இங்கிலாந்தில் ஜேனட் அர்னால்டு என்னும் அம்மையார் கேட்டார். எஞ்சியிருந்த பழைய ஆடைகளை அங்குலம் அங்குலமாக அளந்து, வெட்டும் முறையை வரைபடமாக்கி, 1964 முதல் நூல்களாக வெளியிட்டார். பழைய உடை தைப்போருக்கு அவை இன்றும் வழிகாட்டி.

நான் மீண்டும் தொடங்கியது ஒரு சிறு பையில். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பெண்களுக்குப் பை ஆடையோடு சேர்ந்ததன்று. நாடாவில் கோத்துப் பாவாடைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொள்ளும் தனிப் பை. நம் பாட்டிமாரின் சுருக்குப் பை நினைவுக்கு வருகிறதல்லவா? தையல் இயந்திரம் பரவியது 1850-க்குப் பிறகே. ஆகவே முழுவதும் கைத்தையல். இரவில் அரைமணி நேரம் போதும். கைப்பேசி விழுங்கும் நேரத்தில் இது ஒரு பங்குகூட இல்லை.

அடுத்து ஒரு கவுனின் வரைபடத்தைப் பார்த்தபோது பாடநூல் சொல்லாத பொருளாதாரம் புரிந்தது. அன்று துணி விலை அதிகம், தையற்கூலி குறைவு. அதனால் துணியை வெட்டி வீணாக்காமல் மடிப்பு மடிப்பாக வைத்துத் தைத்தனர். பிறகு பிரித்து வேறு உடையாக்கினர்.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பூந்துணியை ஐரோப்பியர் விரும்பி உடுத்தினர். தம் நெசவாளர் பிழைப்புக் கெடுமென்று பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அத்தகைய துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721இல் சட்டம் இயற்றியது. இரு பேரரசுகளைச் சட்டம் போடவைத்த அந்தச் சாயக்காரர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

பெயர்கள் போயின, கைவேலையின் தடயமாவது மிஞ்சட்டும். நம் வீட்டுப் பெட்டிகளிலும் பாட்டியின் ரவிக்கை, தாத்தாவின் சட்டை கிடக்கின்றன. அவற்றைப் பாத்திரக்காரரிடம் போடும் முன் அளந்து வரைந்து வைப்போம். வரலாற்றுத் துறை இதனை ஓர் ஆய்வுப் பணியாகவே மாணவர்க்குத் தரலாம். அதற்கு வேண்டியவை ஓர் அளவு நாடா, ஒரு பென்சில், வாரத்தில் ஒரு மணி நேரம். இவை இல்லாதவர் நம்மில் யார்?