திருவிழாக் கடைக்காரருக்கு யார் காவல்?

ஆனிப் பௌர்ணமி வந்தால் காரைக்காலில் மாங்கனித் திருவிழா! பிச்சாடனர் வீதி உலா வரும்போது மாடிகளில் இருந்து மாங்கனிகள் மழைபோல் விழும். அதைப் பிடித்தவர் பாக்கியசாலி என்று மகிழ்வார்.

கூட்டம் கூடும் இடத்தில் கடையும் வரும். பஜ்ஜிக் கடை, வளையல் கடை, பொம்மைக் கடை, பலூன்காரர், கரும்புச்சாறு வண்டி. இவை இல்லாத திருவிழா உண்டா?

சாமி பார்க்க வருகிறவர் சில மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுவார். கடைக்காரர் அப்படி அல்ல. காலை முதல் நள்ளிரவு வரை அதே கூரையின் கீழ், அதே அடுப்பின் பக்கத்தில் இருப்பார். பலருக்கு இரவில் படுக்கையும் அங்கேதான். ஆபத்து வந்தால் முதலில் அகப்படுகிறவர் அவர்தான்.

அவருக்கு யார் காவல்? இடத்துக்கு வாடகை வாங்குகிறவர்தான் காவல். வாடகை வாங்கும் கை, பாதுகாப்பையும் சேர்த்துத் தரவேண்டும். அதுதான் நியாயம்.

மீரட்டில் நடந்த பயங்கரம்

உத்தரப் பிரதேசத்தில் உள்ளது மீரட் நகரம். அங்கே விக்டோரியா பூங்காவில் 2006-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு பொருட்காட்சி நடந்தது. பெரிய கூடாரங்கள்; உள்ளே வரிசையாகக் கடைகள். 10-ந் தேதி கடைசி நாள். அன்று மாலை தீப்பிடித்தது. கூடாரங்கள் எரிந்து விழுந்தன. 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. “எல்லா வேலையையும் காண்டிராக்டரிடம் விட்டுவிட்டோம். அவர்தான் பொறுப்பு” என்று பொருட்காட்சி நடத்தியவர்கள் வாதாடினார்கள். கோர்ட்டு அதை ஏற்கவில்லை. நஷ்டஈட்டில் 60 சதவீதத்துக்கு நடத்தியவர்கள் பொறுப்பு, 40 சதவீதத்துக்கு மாநில அரசு பொறுப்பு என்று 2022-ம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

திருவிழா நடத்தும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பை நினைவில் வைக்கவேண்டும்.

மதுரையும் திருச்சியும்

தமிழ்நாட்டிலும் பாடங்கள் உண்டு. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் 2018-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி இரவு கடைகளில் தீப்பிடித்தது. பழமையான வீரவசந்தராயர் மண்டபம் இடிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் வியாபாரிகளின் சரக்கு சாம்பலாயிற்று. பல ஆண்டுப் பிழைப்பு ஓர் இரவில் போயிற்று.

திருச்சி கடைவீதியில் 2022-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, பலூனுக்கு வாயு நிரப்பும் சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்தார், பலர் காயம் அடைந்தார்கள்.

பலூனில் அடைப்பது ஹீலியம் என்றால் தீப்பிடிக்காது. ஆனாலும் பழுதான சிலிண்டர் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். ஹைட்ரஜன் என்றாலோ ஒரு தீப்பொறி போதும்! விலை மலிவு என்று அதை வாங்கினால் உயிரே விலையாகிவிடும்.

கடைக்காரர் செய்யவேண்டியவை

கடைக்காரருக்கும் கடமை உண்டு.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். ஆகவே சிலிண்டரை நிமிர்த்தி வைக்கவேண்டும். அடுப்புக்குக் கீழே பள்ளத்தில் வைக்கக்கூடாது. வெடிப்பு விட்ட ரப்பர் குழாயை உடனே மாற்றவேண்டும்.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் எரியும் எண்ணெய் நாலாபக்கமும் சிதறும். அடுப்பை அணைத்து, மூடியால் சட்டியை மூடினால் காற்று இல்லாமல் தீ அடங்கும்.

உடம்பில் தீக்காயம் பட்டால் மையோ பற்பசையோ தடவக்கூடாது. 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் விடவேண்டும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108. இந்த இரண்டு எண்களும் கடைப் பலகையில் இருக்கட்டும்.

வெயிலும் ஒரு பகைவன்தான். அடுப்பு வெப்பமும் சேர்ந்தால் உடம்பில் உள்ள நீர் வற்றும், தலை சுற்றும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல், உப்புப் போட்ட மோரோ தண்ணீரோ அடிக்கடி குடிக்கவேண்டும்.

வாடகை ரசீதில் என்ன இருக்கவேண்டும்?

இவை எல்லாம் கடைக்காரர் கையில் உள்ளவை. அவர் கையில் இல்லாதவையும் உண்டு. பக்கத்துக் கடைக்கு எவ்வளவு இடைவெளி என்று அவரா முடிவு செய்கிறார்? தீயணைப்பு வண்டி வர வழி விடுவது அவரா? மின்சாரக் கம்பி இழுப்பது அவரா? பெண் வியாபாரிகள் பலர் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன்? ஒதுங்க இடம் இல்லை! கழிப்பிடம் கட்டவேண்டியது அவர்களா?

நடைபாதை வியாபாரிகளுக்காக 2014-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடை போடுகிறவரைக் கேட்டுத்தான் ஏற்பாடு செய்யவேண்டும் என்பதே இதன் கருத்து. திருவிழாவுக்கும் அந்த வழக்கம் வரட்டும்.

மாங்கனித் திருவிழாவானாலும், மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரியானாலும், திருநள்ளாறு சனிப்பெயர்ச்சியானாலும் ஒரே விதி போதும். வாடகை ரசீதிலேயே ஐந்து வரி அச்சிடவேண்டும்: கடைக்குக் கடை இடைவெளி, சோதித்த மின் இணைப்பு, மணல் வாளியும் தீயணைப்புக் கருவியும், குடிநீர், கழிப்பிடம். இவை இல்லையேல் வாடகையும் இல்லை!

“நாலு நாள் கடைக்கு இவ்வளவு ஏற்பாடா?” என்று சிலர் கேட்கலாம். தீக்கு நாலு நிமிடமே போதும். அதற்கு நாள் கணக்குத் தெரியாது.

காரைக்கால் அம்மையார் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர், வணிகருக்கு வாழ்க்கைப்பட்டவர். பசித்து வந்த அடியாருக்கு, கணவர் அனுப்பிய மாங்கனியை எடுத்துப் பரிமாறியவர். அந்தத் தாயின் பெயரால் நடக்கும் விழாவில், சிறு வணிகர் ஒருவரும் கண்ணீரோடு ஊர் திரும்பக்கூடாது.