பனங்காய்ப் பணியாரமும் அம்மம்மாவின் கணக்கும்

ஆடி பிறந்து ஆவணி முடியும்வரை யாழ்ப்பாணத்து வளவுகளில் பனம்பழ மணம் பரவியிருக்கும். பிற இடங்களிலிருந்து வருவோருக்கு அது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். எமக்கோ அது பாடசாலை விடுமுறையின் மணம். விடியப்புறம் 'தொம்' என்று பழம் விழும் சத்தம் கேட்டதும், யார் முதலில் ஓடிப்போய் எடுப்பது என்று தம்பியும் நானும் போட்டி போட்ட காலத்தின் மணம்.

பணியாரம் சுடுவது அரைநாள் வேலை. பழத்தைக் கழுவி, மேல்தோலை உரித்து, கொட்டைகளைப் பிரித்துச் சிறிது நீர் தெளித்துப் பிசைய வேண்டும். தும்புகளுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறக் களி மெல்ல மெல்ல வெளிவரும். அதைத் துணியில் வடித்து, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, அடிப்பிடியாமல் கிண்டிக் காய்ச்ச வேண்டும். ஆறியபின் கோதுமை மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்து, கொதிக்கும் தேங்காயெண்ணெயில் விரல்களால் கிள்ளி விட வேண்டும். இரண்டு கோப்பை களிக்கு முக்கால் கோப்பை சீனியும் ஏறக்குறைய இரண்டு கோப்பை மாவும் என்பது என் அளவு. அம்மம்மாவுக்கு அளவு கிடையாது. "மா கையில ஒட்டவும் வேணும், விடவும் வேணும் பிள்ளை" என்பார்.

எங்கள் வளவிலிருந்த பனைகளை அவர் ஒவ்வொன்றாக அறிவார். கிணற்றடிப் பனையின் பழம் பணியாரத்துக்கு. வேலிக்கரைப் பனையினது பனாட்டுக்கு. படலையடிப் பனையினது கசக்கும், அது மாட்டுக்கு. இந்தக் கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் எனப்படும் சப்போனின் வகைப் பொருள் என்பதைப் பிற்காலத்தில்தான் வாசித்தறிந்தேன். சப்போனின்கள் நீரில் நுரைக்கும் தன்மையுடையன. பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் சவர்க்காரம் அருமையாகிப்போனபோது, அம்மம்மா அந்தப் படலையடிப் பழத்தைக் கொண்டே எங்கள் உடுப்புகளைத் தோய்த்தார். கொடியில் காயும் சட்டையை மாடு மணந்து வந்து சப்பிவிடும் என்பதால் காவலுக்கு இருப்பது தம்பியின் வேலை.

குடும்பத்தார் கூடும்போதெல்லாம் அம்மம்மாவின் பணியாரத்தைப் பற்றிய பேச்சு வரும். "அந்தக் கைப்பக்குவம் இனி ஆருக்கு வரும்?" என்று மாமா சொல்வார். ஆனால் அப்பேச்சில் எப்போதும் ஒரு விடயம் விடுபட்டுப்போகும். அம்மப்பா இறந்தபோது அம்மாவுக்கு ஏழு வயது. அவருக்குக் கீழே இன்னும் மூவர். அந்த நால்வரையும் படிப்பித்தது இந்தப் பணியாரமும், பனாட்டும், ஒடியலும்தான். குசினிச் சுவரில் கரித்துண்டால் கீறிய கோடுகளே அவரது கணக்குப் புத்தகம். எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போனது, யார் இன்னும் காசு தரவில்லை என்பதெல்லாம் அதில் இருந்தன. அப்படியிருந்தும் பிள்ளைகளின் பாடசாலைப் படிவங்களில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'வீட்டுவேலை' என்றே எழுதப்பட்டது. பிள்ளைகளின் வயிற்றுக்காக அடுப்படியில் நின்றவரை 'நல்லாய்ச் சமைப்பா' என்று பாராட்டினார்களேயன்றி, 'உழைத்தவர்' என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அம்மா எங்கள் பிறப்புச் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார். அம்மம்மா தாச்சியை எடுத்துக்கொண்டார். "இந்தப் பாரத்தை ஏனம்மா?" என்று அம்மா கேட்டதற்கு, "இது இருந்தால் ஒருத்தரிட்டையும் கையேந்தத் தேவையில்லை" என்றார். அப்போது பனம்பழக் காலம் முடிந்திருந்தது. நாங்கள் ஒதுங்கியிருந்த வீட்டு வாசலில் அதே தாச்சியில் வடை சுட்டு விற்றார். 1996இல் திரும்பி வந்து பார்த்தபோது கிணற்றடிப் பனை இருக்கவில்லை. பதுங்குகுழிக்குத் தறித்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அயலவரிடம் பழம் வாங்கிச் சுட்டார். சுவை வேறாக இருந்ததை அவரே முதலில் சொன்னார்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. பனம் பொருட்களுக்கெனச் சந்தையும் உண்டு. இன்றும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பல சகோதரிகள் பருவகாலத்தில் பணியாரம் சுட்டு விற்கிறார்கள். ஆனால் விலை சொல்லும்போது பெரும்பாலானோர் சீனி, மா, எண்ணெய் ஆகியவற்றின் விலையை மாத்திரமே கூட்டுகிறார்கள். விடியப்புறம் பழம் பொறுக்கிய நேரம், களி பிசைந்து நொந்த கை, விறகு, அடுப்பு வெக்கையில் நின்ற மணித்தியாலங்கள் ஆகியன கணக்கில் வருவதில்லை. 'வீட்டில் சும்மா இருக்கும் நேரந்தானே' என்று வாங்குவோர் சொல்வதை நாமும் நம்பிவிடுகிறோம்.

இம்முறை பணியாரம் சுடும் சகோதரிகள், தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். ஒருநாள் கூலி உங்கள் ஊரில் எவ்வளவோ, அதன்படி அந்த நேரத்துக்கும் விலை போட்டுக் கூட்டிப் பாருங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், செய்முறையோடு அவர்கள் அதை விற்ற கதையையும் கேட்டு எழுதுங்கள். சுட்ட பணியாரத்தை நன்றாக ஆறவிட்டு ஓலைப்பெட்டியில் மூடி வைத்து மறுநாள் உண்ணக் கொடுங்கள். அன்றுதான் களியின் சுவை மாவில் ஊறி நிற்கும்.